ஊசி நாளுக்கு முந்தின வாரம்

பள்ளியில் தடுப்பூசி போடப்போகிறார்கள் என்று டைரியில் எழுதி அனுப்பினால், மறுநாள் காலை வாசலில் வந்து நிற்கும் பெற்றோர் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இது கட்டாயமா டீச்சர்?" ஆமாம் என்றாலும் சிக்கல், இல்லை என்றாலும் சிக்கல். ஆமாம் என்றால் "யாரு சொன்னது, எழுதிக் குடுங்க" என்று குரல் உயரும். இல்லை என்றால் "அப்ப எம்புள்ளைக்கு வேணாம்" என்று பேச்சு முடிந்துவிடும்.

திண்டுக்கல் பக்கம் ஒரு சிறு ஊரில், அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். பாடத்தோடு சுகாதாரப் பொறுப்பும் பல வருடமாக என்னிடம்தான். குடற்புழு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, பத்து வயதில் போடும் டி.டி. ஊசி எல்லாம் என் கையைத் தாண்டித்தான் பிள்ளைகளுக்குப் போகும். 2025 பட்ஜெட்டில் தமிழக அரசு பெண் பிள்ளைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடப்போவதாக அறிவித்ததிலிருந்து அம்மாக்கள் மறுபடியும் என்னைப் பிடித்துக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். கேட்கிற விதத்தைப் பார்த்தால் 2017 அப்படியே நினைவுக்கு வருகிறது. அந்த வருடம் பார்த்ததையும் அதற்குப் பிறகு தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். பள்ளியிலோ அங்கன்வாடியிலோ குழந்தைகள் காப்பகத்திலோ இந்தப் பொறுப்பை ஏற்றிருப்பவர்களுக்கு உதவும்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா என்ற இரண்டு தொற்றுநோய்களுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசிக்கான முகாம் தொடங்கியது. தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய ஐந்து இடங்களில்தான் முதலில். 9 மாதக் குழந்தையிலிருந்து 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரை எல்லாருக்கும் ஒரு ஊசி. முன்னாடி போட்டிருந்தாலும் சரி, போடாவிட்டாலும் சரி, மறுபடி ஒன்று. பெரும்பாலான பிள்ளைகள் இருப்பது பள்ளியில் என்பதால் முகாமும் பள்ளியில்தான்.

வந்த நேரம்தான் சரியில்லை. அதற்கு முந்தின மாதம்தான் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்திருந்தது. வெளிநாட்டு அமைப்பு, வெளிநாட்டுக் கம்பெனி, நாட்டு மாட்டை ஒழிக்கச் சதி என்ற பேச்சு ஒவ்வொரு டீக்கடையிலும் ஓடிக்கொண்டிருந்தது. முதலமைச்சர் ஜெயலலிதா இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆட்சி யார் கையில் என்பதே தெளிவில்லாமல் இருந்த நாட்கள் அவை. அந்தச் சூட்டில், வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகள் கிளம்பின. இந்த ஊசி போட்டால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது, மூளை வளர்ச்சி நின்றுவிடும், வெளிநாட்டில் தடை செய்த மருந்தை நம் பிள்ளைகள் மேல் சோதிக்கிறார்கள் என்று. யார் பேசுகிறார்கள் என்பது தெரியாது. ஆனால் நம் ஊர்ப் பேச்சில், பதறின குரலில் பேசினால் யாருக்குத்தான் கலங்காது? என் வகுப்புப் பிள்ளையின் அம்மா ஒருத்தி, பீடி சுற்றுகிறவள், அதைக் கேட்டுவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று கண் சிவந்து வந்து நின்றாள். அவளைப் படிக்காதவள், விவரம் தெரியாதவள் என்று ஒதுக்கினவர்களைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளை மேல் இருக்கிற அக்கறையில்தானே அவள் தூங்கவில்லை?

பக்கத்துப் பள்ளி ஒன்றில் எங்களுக்கு முன்பே முகாம் நடந்தது. "அனைத்து மாணவருக்கும் கட்டாயம்" என்று டைரியில் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார்கள். என்ன ஊசி, எதற்கு, யார் போடுகிறார்கள் என்று ஒன்றும் இல்லை. அன்றைக்குப் பிரேயரில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களையும் கூட்டிப்போக பத்து மணிக்கெல்லாம் அப்பாக்கள் வண்டியோடு கேட்டில் நின்றார்கள். எங்கள் முறைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. எங்கள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "என்ன பண்ணலாம்னு நீங்களே பாருங்க" என்றார். அந்த ஒரு வாரத்தில்தான் எல்லாம் இருந்தது. ஊசி நாளன்று யாரையும் சமாதானப்படுத்த முடியாது. அன்றைக்குப் பிள்ளை அழும், நர்ஸ் அவசரத்தில் இருப்பார், பெற்றோர் பதற்றத்தில் இருப்பார்கள். பேச வேண்டியதை எல்லாம் முந்தின வாரத்தில் பேசி முடித்திருக்க வேண்டும்.

முதலில் தயங்குகிறவர்கள் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன பயம் என்று தனித்தனியாகக் கேட்டுக் குறித்தேன். கேட்டபோதுதான் தெரிந்தது, "வேண்டாம்" என்று எல்லாரும் ஒன்றாகச் சொன்னாலும் காரணம் ஒன்றில்லை. எல்லாருக்கும் ஒரே நோட்டீஸ் கொடுத்தால் யாருடைய பயத்துக்கும் அது பதில் சொல்லாது.

கிழக்குத் தெருக்காரர்களுக்கு அம்மை விஷயம். எங்கள் பக்கம் அம்மை போட்டால் வீட்டில் தாளிக்க மாட்டார்கள், வாசலில் வேப்பிலை செருகுவார்கள், மருந்து மாத்திரை கிடையாது, ஊசி நினைத்தே பார்க்கக் கூடாது. இறங்கினதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். "ஆத்தா வந்து விளையாடிட்டுப் போறா, அவளுக்கு எதிரா ஊசியா?" என்று ஒரு பாட்டி கேட்டார். அவரிடம் கிருமி பற்றிப் பாடம் நடத்தவில்லை. பதில் சொன்னது அதே தெருவில் இருந்த ஒரு தாத்தா. முகமெல்லாம் பெரியம்மைத் தழும்பு அவருக்கு. சின்ன வயதில் அவர் கூடப் பிறந்த தம்பி அதே அம்மையில் போய்விட்டாராம். "அம்மைக்குத் தடுப்பூசி குத்துறவர் வந்தப்போ எங்கப்பன் எங்களைக் கம்மங்காட்டுல ஒளிச்சு வச்சான். அன்னைக்குக் குத்தியிருந்தா எந்தம்பி இருந்திருப்பான்" என்று திண்ணையில் உட்கார்ந்தபடி சொன்னார். பாட்டி பேசவில்லை. அந்தப் பெரியம்மையே இன்று உலகத்தில் இல்லை, 1980ல் உலக சுகாதார நிறுவனம் ஒழிந்துவிட்டதாக அறிவித்துவிட்டது என்று நான் பிறகு சேர்த்துச் சொன்னேன். அம்மனுக்குக் கஞ்சி ஊற்றுவதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அதையும் செய்யுங்கள், இதையும் போடுங்கள் என்றேன். நம்பிக்கையைக் கேலி செய்தால் அந்தத் தெருவே நமக்கு அடைபட்டுப்போகும்.

படித்தவர்களின் தயக்கம் வேறு மாதிரி. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அப்பா குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு வந்தார். தனியார் டாக்டரிடம் காசு கொடுத்து எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி) இரண்டு தடவை போட்டாகிவிட்டது, மறுபடி எதற்கு என்றார். நியாயமான கேள்வி. அதற்கான பதில் என்னிடம் இல்லை, அதனால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமே போனில் பேசவைத்தேன். 9 மாதத்தில் போடும் தட்டம்மை ஊசி நூற்றில் 85 குழந்தைகளுக்குத்தான் வேலை செய்யும், மீதிப் பேருக்கு அடுத்த டோஸில்தான் எதிர்ப்புச் சக்தி பிடிக்கும். அரசுத் திட்டத்தில் இரண்டாவது தட்டம்மை டோஸ் வந்ததே 2010க்குப் பிறகுதான். ரூபெல்லா ஊசி அதுவரை அரசு அட்டவணையிலேயே இல்லை. ஆகவே அரசு மருத்துவமனையில் போட்டுக்கொண்ட பெரிய பிள்ளைகள் பலருக்கு ஒரு டோஸ்தான், ரூபெல்லாவுக்கு ஒன்றுமே இல்லை. யார் எத்தனை போட்டார்கள் என்று வீடு வீடாக அட்டை தேடினால் முகாம் நடக்காது, அதனால்தான் எல்லாருக்கும் ஒன்று. ஏற்கனவே போட்டவருக்கு இன்னொன்று போடுவதால் கெடுதல் இல்லை. டாக்டர் இதைச் சொன்னதும் அவர், "இதை நோட்டீஸ்லயே போட்டிருக்கலாமே" என்றார். சரிதான், போட்டிருக்கலாம்.

பள்ளிவாசல் தெருவில் பிள்ளை பெறாமல் போகும் என்ற வதந்திதான் பலமாக இருந்தது. தங்களைக் குறிவைத்துச் செய்கிறார்கள் என்ற எண்ணமும் அதனோடு சேர்ந்துகொண்டது. நான் போய்ப் பேசினால் "டீச்சர் நல்லவங்க, ஆனா அவங்களுக்கு மேல இருந்து சொல்றதைத்தானே சொல்வாங்க" என்று நினைப்பார்கள். பழைய மாணவர் ஒருவரை, இப்போது கறிக்கடை வைத்திருக்கும் பாய், கூட்டிக்கொண்டு பள்ளிவாசல் இமாமான அஜரத்தைப் பார்க்கப் போனேன். அஜரத் கேட்டது ஒரே ஒரு விஷயம்: "இது மத்த தெருப் பிள்ளைங்களுக்கும் இதே மருந்துதானா?" ஒரே பெட்டி, ஒரே குப்பி, யாருக்கு எந்தக் குப்பி என்று பிரித்தே பார்க்க முடியாது, வந்து நின்று பாருங்கள் என்றேன். வெளிநாட்டு மருந்தும் இல்லை, புனேயில் சீரம் இன்ஸ்டிடியூட்டில் செய்வது என்றேன். முகாம் அன்று அவரே வந்து நின்றார். தன் பேரனை முதல் வரிசையில் நிறுத்தினார். நாங்கள் ஒட்டிய எந்த நோட்டீஸும் அந்த ஒரு காரியத்துக்கு ஈடாகாது.

கேரளத்தில் மலப்புரம் பக்கம் 2016ல் தொண்டை அடைப்பான் வந்து பிள்ளைகள் இறந்ததையும் அங்கே பேசினேன். பயமுறுத்தத்தான் சொன்னேனா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம் பயப்படத்தான் வேண்டும். ஊசியைப் பற்றிய பயம் மட்டும் வீடு வீடாகப் போகிறது, நோயைப் பற்றிய பயம் மறந்துவிட்டது. தட்டம்மை வந்த ஒருவரால், தடுப்பு இல்லாத கூட்டத்தில் பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை தொற்றிக்கொள்வார்கள். நிமோனியா, வயிற்றுப்போக்கு, மூளைக்காய்ச்சல் என்று போகும். ரூபெல்லா பிள்ளைக்கு வந்தால் லேசான காய்ச்சலோடு போய்விடும். ஆனால் அதே பிள்ளையிடமிருந்து முதல் சில மாதக் கர்ப்பத்தில் இருக்கும் அம்மாவுக்கு ஒட்டிக்கொண்டால், வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் பிறவிக் கண்புரையோடு வரும் குழந்தைகளில் ரூபெல்லாவால் வந்தது எவ்வளவு என்று ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நம் பக்கத்து ஊரிலேயே நடக்கிற விஷயம். ஆம்பளைப் பையனுக்கு எதற்கு இந்த ஊசி என்று கேட்ட அப்பாக்களுக்கு இதைத்தான் சொன்னேன்: வீட்டில் அவன் சித்தி மாசமாக இருக்கலாம், வகுப்பு டீச்சர் மாசமாக இருக்கலாம்.

ஆட்டிசம் பற்றிக் கேட்டவர்கள் இருவர். இங்கிலாந்தில் 1998ல் வேக்ஃபீல்டு என்பவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து லான்செட் இதழில் எழுதிய கட்டுரைதான் அந்தப் பேச்சுக்கு மூலம். 2010ல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குமேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

சில பயங்கள் வதந்தி இல்லை. நம் மாநிலத்திலேயே 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்று நான்கு குழந்தைகள் இறந்தன. பேப்பரில் வந்தது, டி.வி.யில் வந்தது, அதை ஞாபகம் வைத்திருந்த ஒரு பெரியவர், முகாமுக்கு முன் நாங்கள் கூட்டிய பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அத்தோடு கூட்டமே கலைந்திருக்கும். நடந்தது உண்மை. அதற்குப் பிறகு கிராமத்தில் வந்து போடுவதை நிறுத்திவிட்டு, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே தாய்மார்களை வரச் சொன்னார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டு எத்தனை பேர் போவார்கள்? தேசியக் குடும்ப நல ஆய்வுகளைப் பார்த்தால், தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் போட்ட குழந்தைகள் 2005–06ல் நூற்றுக்கு 81 பேர், 2015–16ல் 70 ஆக இறங்கினார்கள். 2019–21ல்தான் 89க்கு ஏறினார்கள். எப்படிப்பட்ட முகாமிலும் நம்பிக்கை கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலமே சாட்சி என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்ல, கிராம சுகாதார செவிலியரைக் கூட்டத்துக்கு வரவழைத்திருந்தேன். எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குப் பிறந்ததிலிருந்து ஊசி போட்டவர் அவர்தான், எல்லாருக்கும் நர்ஸம்மா. காலிக் குப்பி ஒன்றும், புது சிரிஞ்ச் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். முதல் பெஞ்சில் வைத்து, எல்லாரையும் கிட்டே வரச் சொன்னார்.

குப்பியின் மூடியில் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சின்னச் சதுரம். குளிர் சரியாக இருந்தால் சதுரம் வெளிறி இருக்கும். வெயில் பட்டு மருந்து கெட்டால் சதுரம் கருத்து, சுற்றியிருக்கும் வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிடும். வந்துவிட்டால் அந்தக் குப்பியைத் தொடக் கூடாது. உள்ளே இருப்பது பொடி. கூடவே வரும் தண்ணீரைக் கலந்துதான் போட வேண்டும், வேறு எதையும் கலக்கக் கூடாது. கலந்து நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மீந்தால் கொட்டிவிட வேண்டும். மேலே எழுதியிருக்கும் நேரத்தைப் பெற்றோரே கேட்கலாம் என்றார். அப்புறம் அந்த சிரிஞ்சைப் பிரித்து, தண்ணீரை உறிஞ்சி, கடைசிவரை அழுத்திக் காட்டினார். "இப்ப மறுபடி இழுங்க" என்று ஒரு அப்பாவின் கையில் கொடுத்தார். அவர் கட்டிட வேலைக்காரர், பலமான கை. இழுத்தார், இழுத்தார், வரவில்லை. பூட்டிக்கொண்டது. "ஒரு தடவைக்கு மேல இதை யாரும் பயன்படுத்த முடியாதுண்ணே, நானே நினைச்சாலும் முடியாது" என்றார் நர்ஸம்மா. ஒரே ஊசியைப் பத்துப் பிள்ளைக்குப் போடுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அந்த சிரிஞ்சைக் கை மாற்றி கை மாற்றி இழுத்துப் பார்த்தார்கள். கூட்டத்தில் பயம் இறங்கியது அந்த இடத்தில்தான். அரை மணி நேரப் பேச்சு செய்யாததை ஒரு சிரிஞ்ச் செய்தது. இன்று வரை தடுப்பூசிக் கூட்டம் என்றால் முதலில் இதைத்தான் செய்யச் சொல்கிறேன்.

பின்விளைவையும் மறைக்காமல் சொன்னார். போட்ட இடத்தில் வலி, ஒரு வாரம் பத்து நாள் கழித்துச் சிலருக்குக் காய்ச்சல், லேசான தடிப்பு வரலாம். மிக அரிதாக ஒவ்வாமை வரும், அது வந்தால் பெரும்பாலும் போட்ட சில நிமிடங்களில் வரும், அதற்குத்தான் அரை மணி நேரம் உட்காரவைக்கிறோம், அதற்கான மருந்து பெட்டியில் இருக்கிறது என்று பெட்டியைத் திறந்தும் காட்டினார். "ஒண்ணும் ஆகாது" என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. நானும் சொல்வதில்லை. ஒண்ணும் ஆகாது என்று சொல்லி, ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே போதும், அடுத்த வருடம் யாரும் நம்மை நம்ப மாட்டார்கள்.

ஒரு அம்மா கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு வந்தார். பையனுக்குச் சின்ன வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்திருக்கிறது. ஊரார் முன்னால் சொல்ல அவருக்கு இஷ்டமில்லை. அவரை மருத்துவரிடம் தனியாக அனுப்பினோம், அவர் பார்த்துவிட்டுச் சரி என்ற பிறகு அங்கேயே போட்டார்கள். இப்படித் தனியாகச் சொல்ல ஒரு வழி எப்போதும் இருக்க வேண்டும். கடும் ஒவ்வாமை உள்ள பிள்ளை, புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடும் பிள்ளை, அன்று கடுங்காய்ச்சலில் இருக்கும் பிள்ளை ஆகியோரை வரிசையில் நிறுத்தாமல் டாக்டரிடம்தான் அனுப்ப வேண்டும். டைரிக் குறிப்பில் இதற்கு ஒரு கட்டம் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முகாம் அன்று செய்ய வேண்டியது சின்னச் சின்ன விஷயங்கள்தான், ஆனால் ஒன்று தப்பினாலும் வதந்தியாகிவிடும். காலையில் பட்டினியாக யாரும் வரக் கூடாது. வந்தவர்களுக்குச் சத்துணவு அக்காவிடம் சொல்லிக் கஞ்சியும் பிஸ்கட்டும் கொடுத்தோம். வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஊசி போடும் இடம் தெரியக் கூடாது. முன்னால் நிற்பவன் அலறுவதைப் பார்த்தால் பின்னால் நிற்கும் பத்துப் பேருக்கும் மயக்கம் வரும். வளர்ந்த பெண் பிள்ளைகள்தான் அதிகம் மயங்குவார்கள். அது பயத்தில் வரும் மயக்கம், மருந்தால் வருவதில்லை. படுக்கவைத்துக் காலைத் தூக்கிவிட்டால் இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். எங்கள் பள்ளியிலும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சாய்ந்தாள். முன்கூட்டியே பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் பாய் விரித்து வைத்திருந்தோம், படுக்கவைத்தோம். அவள் அப்பாவுக்கு நானே போன் போட்டு, அவளையே பேசவைத்தேன். வேறு யார் மூலமாவது அவர் காதுக்குப் போயிருந்தால் "ஊசி போட்ட பிள்ளை விழுந்துருச்சு" என்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவியிருக்கும். இடது கட்டைவிரல் நகத்தில் மை வைத்து அனுப்பினோம். ராத்திரி காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று நம்பரோடு ஒரு சீட்டும் கொடுத்தோம். அந்தச் சீட்டு இருந்ததால் பலர் கூப்பிடவே இல்லை, கூப்பிட ஆள் இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

கடைசிவரை மறுத்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளைத் தனியாக நிற்கவைக்கவோ, வகுப்பில் பெயர் சொல்லவோ இல்லை. முகாம் முடிந்து சில நாளில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சுகாதார நிலையத்தில் போய்ப் போட்டுக்கொண்டவர்கள் அவர்களிலேயே உண்டு. அன்றைக்கு அவமானப்படுத்தியிருந்தால் அந்தக் கதவும் மூடியிருக்கும்.

சரி, கட்டாயமா இல்லையா? நம் நாட்டில் பள்ளியில் சேர இந்தத் தடுப்பூசிகள் போட்டிருக்க வேண்டும் என்று பொதுச் சட்டம் கிடையாது. 2019 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம், பெற்றோரின் சம்மதம் இல்லாமல் பள்ளிகளில் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட முடியாது, பின்விளைவுகளையும் அவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டது. தடுப்பூசியை முழு மனதோடு ஆதரிக்கிறவள் நான், ஆனாலும் அந்தத் தீர்ப்பு சரி என்றுதான் சொல்வேன். என் தம்பி மனைவி சிங்கப்பூரில் இருக்கிறாள். அங்கே தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சட்டப்படியே ஊசி கட்டாயம். அது அங்கே நடக்கிறது என்றால், ஒவ்வொரு குழந்தையின் பதிவும் கணினியில் இருக்கிறது, கேட்டால் பதில் சொல்ல டாக்டர் இருக்கிறார், மக்களுக்கும் அந்த நம்பிக்கை இருக்கிறது. அதெல்லாம் இல்லாமல் சுற்றறிக்கையில் "கட்டாயம்" என்று மட்டும் எழுதினால் கேட்டில் அப்பாக்கள் வண்டியோடு நிற்பதுதான் நடக்கும். இப்போது பெற்றோர் என்னிடம் கட்டாயமா என்று கேட்டால், "உங்க கையெழுத்து இல்லாம போட மாட்டோம். ஆனா போடணும்னு நான் சொல்றேன், ஏன்னு கேளுங்க" என்கிறேன்.

குழந்தைகள் காப்பகத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருக்கலாம் என்பது என் கருத்து. என் அக்கா திண்டுக்கல்லில் ஒன்று நடத்துகிறாள். ஆறு மாதக் குழந்தையும் மூன்று வயதுக் குழந்தையும் ஒரே அறையில், ஒரே பாயில். 9 மாதம் ஆகாத குழந்தைக்குத் தட்டம்மை ஊசி வழக்கமாகப் போடுவதில்லை, அந்தக் குழந்தைக்குச் சுற்றியிருக்கும் பெரிய குழந்தைகள்தான் காப்பு. நூற்றுக்கு 95 பேருக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால்தான் தட்டம்மை பரவாமல் நிற்கும் என்கிறார்கள். காப்பகத்தில் இருபது குழந்தை இருந்தால், போடாதவர் ஒருவருக்கு மேல் இருக்கக் கூடாது என்று கணக்கு. 2022 கடைசியில் மும்பையில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தபோது, கொரோனா காலத்தில் ஊசி தவறிய பிள்ளைகள்தான் அதிகம் மாட்டினார்கள். அக்கா சேர்க்கையின்போதே தடுப்பூசி அட்டையின் நகல் கேட்கிறாள். இல்லையென்றால் திருப்பி அனுப்புவதில்லை, ஒரு மாதம் தவணை கொடுத்து, எந்த ஊசி தவறியது என்று எழுதிக் கொடுத்து, புதன்கிழமை சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்கிறாள். வேலைக்குப் போகும் அம்மா புதன்கிழமை லீவு போட முடியவில்லை என்றால், பாட்டியோ சித்தியோ தூக்கிப்போக ஏற்பாடு செய்யச் சொல்கிறாள். மறுத்துப் பேசினவர்களிடம் அறையில் தவழும் சின்னக் குழந்தையைக் காட்டி, "இவளுக்கு இன்னும் போட முடியாதும்மா, உங்க பிள்ளைதான் இவளைக் காப்பாத்தணும்" என்பாள். அதற்கு மேல் யாரும் சண்டை போட்டதில்லை என்கிறாள்.

அட்டை தொலைந்துவிட்டது என்பதைப் பெற்றோர் பெரிய தடையாகச் சொல்வார்கள். தொலைந்தால் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டியிருக்குமோ என்ற பயமும் உண்டு. கர்ப்பத்தைப் பதியும்போது கொடுத்த பிக்மி எண் இருந்தால், கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் தேடி எடுக்கலாம். அண்மையில் பிறந்த குழந்தைகளுக்கு, மத்திய அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூ-வின்னிலும் இருக்கும். தனியாரில் போட்டிருந்தால் அந்த மருத்துவமனைச் சீட்டை நர்ஸிடம் காட்டிப் பதியச் சொல்லுங்கள், அங்கே போட்டதும் போட்டதுதான். ஒரு டோஸ் தவறி மாதக்கணக்கில் ஆகியிருந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அட்டையைக் கையில் வாங்கியதுமே இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவைக்கச் சொல்கிறேன்.

இப்போது எட்டாம் வகுப்பு அம்மாக்கள் கேட்பதெல்லாம் கருப்பை வாய்ப் புற்றுநோய் ஊசியைப் பற்றி. அதே பிள்ளை பெறாமல் போகும் பயம், இன்னும் கொஞ்சம் கூச்சத்தோடு. அப்பாக்களை இந்தத் தடவை முதல் கூட்டத்துக்கே வரச் சொல்லியிருக்கிறேன், பெண் மருத்துவர் ஒருவரையும் கேட்டிருக்கிறேன். அம்மாக்கள் தனியாகக் கேட்க விரும்பும் கேள்விகளைப் பெயர் எழுதாமல் துண்டுச் சீட்டில் போட, அலுவலக அறை வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறோம். இதுவரை வந்த சீட்டுகளில் அதிகம் இருக்கும் கேள்வி: "வயசுக்கு வந்த பிறகு போடலாமா, வர்றதுக்கு முன்னாடி போடணுமா?" கூட்டத்தில் மருத்துவர் முதலில் இதற்குத்தான் பதில் சொல்லப்போகிறார்.